நூலுக்கு வடக்கே

வீட்டுக்கு முன்னால் இருந்த நிலத்தை நடுவில் நூல் கட்டிப் பிரித்தவர் சர்வேயர்தான். தெற்குப் பாதி மனைவிக்கு, வடக்குப் பாதி தனக்கு. இரண்டும் சமமா என்று மூன்று தடவை அளந்தார். நாலு விரற்கடை வித்தியாசம் வந்தது. அந்த நாலு விரற்கடையை மனைவிக்கே விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுத்த விஷயத்தை ஒரு வாரம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

அதற்கு முந்தைய வருஷம் நூல் இல்லை. சண்டைதான் இருந்தது.

அவர் முப்பத்தொரு வருஷம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். பென்ஷனும் முழங்கால் வலியும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. மனைவி அதே தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். தான் போடும் தையல் கோணலாகப் போகிறது என்று தன் கண்ணுக்கே தெரிந்த அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டாள். அடுத்தவர் சொல்லிக்காட்டும் வரை எதையும் நீட்டிக்கொண்டு போகிறவள் இல்லை. கடை மூடி இரண்டு வருஷம் ஆன பிறகும் தெருவுக்கு அவள் டெய்லரக்காதான்.

அவளிடம் துணி தைத்துக்கொண்டிருந்த பூக்கடைக்காரி ஒருநாள் வந்து புலம்பினாள். ஸ்நாப்டிராகன் கேட்டு நிறையப் பேர் வருகிறார்களாம். வெளியூரிலிருந்து வரும் கட்டெல்லாம் லாரியில் படுக்கப்போட்டு வருவதால் நுனி வளைந்து கொக்கி மாதிரி ஆகிவிடுகிறதாம். பக்கத்தில் யாராவது போட்டுக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வாளாம். டெய்லரக்கா அன்றைக்கே விதை வாங்கிவிட்டாள்.

அந்தச் செடியைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நெட்டுக்குத்தாக ஒரு கதிர். அதில் கீழிருந்து மேலாகப் பூக்கள் திறந்துகொண்டே போகும். ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு உதடு. கன்னத்தில் இரண்டு விரலால் அழுத்தினால் வாயைத் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். சர்வேயர் முதல்முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "எங்க மேலதிகாரி மாதிரியே இருக்கு" என்றார். எந்த மேலதிகாரி என்று அவள் கேட்கவில்லை.

முதல் வருஷம் நிலம் முழுக்க அவள்தான் போட்டாள். அவர் தண்ணீர் விட்டார், களை எடுத்தார், குச்சி நட்டு வலை கட்டினார். கதிர் முழுக்க மலர்ந்து தெரு அடைத்து நிற்கப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். விற்கிற பூவை அப்படி விட முடியாது. கதிரில் அடிப்பகுதி மூன்றில் ஒரு பங்கு திறந்ததுமே வெட்டிவிட வேண்டும். மிச்சம் வாங்கினவர் வீட்டு ஜாடியில் திறக்கும். இது அவளுக்குத் தெரியும், அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. ஒருநாள் காலை நடை போய்விட்டு வந்தவர் வெறும் தண்டுகளைப் பார்த்தார்.

"பூ எங்க?"

"கடைக்குப் போயிடுச்சு."

ஐந்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஆறாம் நாள் அவர் கடைக்குப் போய் ஒரு கண்டு நூல் வாங்கிவந்தார்.

ஆக, இந்த வருஷம் நூலுக்குத் தெற்கே உயர ரகம், வெள்ளை மட்டும், வெட்டுவதற்கு. வடக்கே குட்டை ரகம், ஐந்து நிறம், பார்ப்பதற்கு. அவளுக்குப் பூக்கடைதான் குறி. அவருக்குத் தோட்டக்காரர் சங்கம் வருஷா வருஷம் நடத்தும் வீட்டுமுன் தோட்டப் போட்டி.

விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். தும்மினால் ஒரு தட்டு போச்சு. அதை மண்ணின் மேல் தூவிவிட்டு அப்படியே விட வேண்டும், மூடக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். சர்வேயர் இதை நம்பவில்லை. விதை என்றால் புதைப்பது என்று நினைத்து, ஸ்கேல் வைத்து அரை அங்குலம் மண் போட்டார். அவள் தட்டில் பன்னிரண்டாம் நாள் பச்சை தெரிந்தது. அவர் தட்டில் மூன்று வாரம் ஆகியும் மண்தான் தெரிந்தது. நல்லவேளை, இரண்டு பொட்டலம் வாங்கியிருந்தார். இரண்டாவதை அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, மூடாமல் தூவினார். அவள் அதைக் கவனித்தாள்.

நாற்று நாலு ஜோடி இலை விட்டதும் அவள் ஒவ்வொன்றாக நுனியைக் கிள்ளினாள். ஒரு தண்டு போய் நாலு தண்டு வரும். அவர் தன் பக்கத்துச் செடிகளில் கை வைக்க விடவில்லை. குட்டை ரகம் தானாகவே புதராகும் என்று பொட்டலத்தின் பின்னால் போட்டிருந்ததைப் படித்துக்காட்டினார். அது சரிதான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். அந்த வருஷத்தில் அவர் ஜெயித்த விஷயம் அது ஒன்றுதான்.

வடக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். தனி ஆள். இடையில் இடுப்பளவுச் சுவர். போட்டியில் மூன்று வருஷமாக அவருக்குத்தான் முதல் பரிசு. அவரும் குட்டை ஸ்நாப்டிராகன்தான் போடுவார். கேட்காமலே யோசனை சொல்லுவார். சாயங்காலம் குழாயில் விரலை வைத்து மழை மாதிரி செடிமேல் பீய்ச்ச வேண்டும், பூவுக்கு முகம் கழுவிவிட வேண்டும் என்றார். டெய்லரக்கா அது கூடாது என்றாள். இலை நனைந்து ராத்திரி முழுக்க ஈரமாக நின்றால் நோய் வரும், வேரில் ஊற்றுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்று கோப்பை வாங்கினவர் சொல்லுக்கும் ஒரு கோப்பையும் வாங்காதவள் சொல்லுக்கும் நடுவில் சர்வேயர் கோப்பையின் பக்கம் சாய்ந்தார்.

போட்டி ஒரு சனிக்கிழமை என்று அறிவித்தார்கள். அதே வாரம் பூக்கடைக்காரி வந்து, அதே சனிக்கிழமை ஒரு கல்யாணம், முந்நூறு வெள்ளைக் கதிர் வேண்டும், வளையாமல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை வாரத்துக்கு நாற்பது, ஐம்பதுதான் போய்க்கொண்டிருந்தது. டெய்லரக்கா மொட்டுக் கட்டிய கதிர்களை எண்ணினாள். முந்நூற்றுப் பத்து தேறும். வெட்டின பிறகு அடியிலிருந்து கிளைத்து இரண்டாம் வெட்டு, மூன்றாம் வெட்டு என்று இரண்டு மாதம் ஓடும்.

போட்டிக்கு ஐந்து நாள் இருந்தபோது, திங்கட்கிழமை, சர்வேயர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் காப்பித்தூள் மாதிரி வட்ட வட்டமாகப் பழுப்பு. தொட்டால் விரலில் ஒட்டியது. நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தில் படம் பார்த்தார். துரு நோய். காற்றிலும் தண்ணீர்த் தெறிப்பிலும் பரவும், பட்ட செடியைப் பிடுங்கி மூட்டை கட்டி அப்புறப்படுத்த வேண்டும் என்று இருந்தது. புத்தகத்தை மூடி, எடுத்த இடத்தில் சரியாக வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக எழுந்துபோய், பழுப்பு பட்ட இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டார். நிமிர்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியரும் குனிந்த நிலையிலிருந்து நிமிர்ந்தார். அவர் சட்டைப் பையும் உப்பியிருந்தது.

"என்ன சர்வேயர், இவ்வளவு காலையில?"

"களை சார்."

"ஆமா. இந்த வருஷம் களை ஜாஸ்தி" என்றார் தலைமையாசிரியர்.

இருவரும் களையைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசிவிட்டு உள்ளே போனார்கள்.

புதன்கிழமை துணி துவைக்கும் நாள். தையல்காரிக்குத் துணியைத் தண்ணீரில் போடுமுன் பையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உண்டு. மற்ற வீடுகளில் மனைவிமாருக்குப் புருஷன் பையிலிருந்து சிகரெட் கிடைக்கும், லாட்டரிச் சீட்டு கிடைக்கும். அவளுக்கு ஒரு கைப்பிடி காய்ந்த இலை கிடைத்தது. விரலைப் பார்த்தாள். பழுப்பு. துணியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய், நூலை ஒட்டின தன் முதல் வரிசையில் இலைகளைத் திருப்பிக்கொண்டே போனாள். ஏழாவது செடியில் நின்றாள்.

மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் வரை காத்திருந்தாள். பிறகு அந்த இலைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"எப்போலேர்ந்து?"

"திங்கக்கிழமை."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

அவர் இலைகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தத்தையும் பிடுங்கிவிடுவதாகச் சொன்னார். நோய் ஒரு செடியில் பட்டால் வெளியே தெரியப் பத்து நாளாவது ஆகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவள் பூவோ வெள்ளிக்கிழமையே வெட்டப்படும். இரண்டு பேருக்கும் நஷ்டம் இல்லை என்று விளக்கினார். அலுவலகத்தில் தகராறு பிடித்த இரண்டு கட்சிக்காரர்களைச் சமாதானப்படுத்தும் குரல் அது.

"வெள்ளிக்கிழமையோட என் செடி முடிஞ்சுடாதுங்க. இன்னும் ரெண்டு மாசம் வெட்டணும். இப்பவே முதல் வரிசையில வந்துடுச்சு."

"ரெண்டு வரிசைக்கும் நடுவுல மூணடி இருக்கு. நானே அளந்து விட்டது."

"உங்க நூல் அதுக்குத் தெரியுமா?"

அவர் வேறு எதையோ சொல்லுகிற மாதிரி ஆரம்பித்தார். தான் நட்ட எல்லைக்கல் எத்தனையோ ஆயிரம்; எல்லாம் முக்கால்வாசி மண்ணுக்குள்தான் இருக்கிறது; அதை யாரும் நின்று பார்த்ததில்லை; பார்த்தவர்களும் திட்டத்தான் பார்த்தார்கள்.

"ஒரு தடவை நாலு பேர் நின்னு பாக்கட்டுமேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

இப்படிப் பேசுகிற ஆள் இல்லை அவர். அவள், தான் தைத்ததும் அப்படித்தான், போட்டுக்கொண்டு போனவர்களைத்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அதில் குறை இருந்ததில்லை, அதனால் சொல்ல முடியவில்லை. "பிடுங்குறதும் விடுறதும் உங்க இஷ்டம், உங்க பாதி" என்று சொல்லிவிட்டு இலைகளைக் காகிதத்தில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். துணி அன்றைக்கு ஊறவே இல்லை.

வியாழக்கிழமை காலை அவர் வரைபடத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு நூலுக்குத் தெற்கே இறங்கினார். அந்தப் பக்கம் கால் வைத்தது அந்த வருஷத்தில் அன்றுதான் முதல்முறை. ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பார்த்து, தாளில் புள்ளி வைத்தார். மத்தியானம் வரை ஆனது. முதல் வரிசையில் பதினொன்று. இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் ஒன்று. அதற்குத் தெற்கே எதுவும் இல்லை. வடக்கே தன் பாதியில் புள்ளி வைக்க இடமே இல்லை, பென்சிலால் மொத்தமாகத் தீட்டினார்.

தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் சொல்லுவதை அவர் எப்போதும் எடுத்துக்கொண்டதில்லை. எல்லைத் தகராறுக்கு வந்தவர்கள் எவ்வளவு அழுதாலும் வரைபடத்தைத்தான் பார்ப்பார். இந்த வரைபடம் யார் பக்கத்திலிருந்து யார் பக்கத்துக்கு என்று தெளிவாகச் சொல்லியது. அம்புக்குறி போட வேண்டிய அவசியம்கூட இல்லை.

மூன்று மணிக்கு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

டெய்லரக்கா சத்தம் கேட்டு வந்தபோது சிவப்பு வரிசை முடிந்து மஞ்சள் வரிசை போய்க்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். தட்டினால் தூள் பறக்கும். அவள் உள்ளே போய் நாலு சாக்கு எடுத்துவந்து, வாயைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழுக்க மலர்ந்த செடிகள், வாயை மூடிக்கொண்டே சாக்குக்குள் போயின. மேலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கீழேதான் இலையில்லாமல் மொட்டைக் கால்.

ஆரஞ்சு வரிசையில் ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள்.

"நல்ல கலரு."

"ம்" என்றார்.

அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வாங்கினவர்கள் ஊரில் யாரும் இல்லை. பிறகு அவள் தன் பக்கத்தில் துரு பட்ட பதினாறையும் தானே பிடுங்கிப் போட்டாள்.

தலைமையாசிரியர் சுவரோரம் வந்து நின்றார். இவ்வளவு நல்ல பூவை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டார். சர்வேயர் சாக்கின் வாயைக் கட்டிவிட்டுச் சுவர்கிட்டே போனார்.

"சார், என் பையில என்ன இருந்ததோ அதான் உங்க பையிலயும். காத்து உங்க பக்கத்துலேர்ந்துதான் அடிக்குது. நீங்களும் பிடுங்கிட்டா நல்லது."

தலைமையாசிரியர் தன் செடிகளைத் திரும்பிப் பார்த்தார். தன்னுடையது வேறு வகைப் புள்ளி, வெயிலால் வந்தது என்றார். குழாயைத் திறந்து செடிகளுக்கு முகம் கழுவினார்.

வெள்ளிக்கிழமை காலை பனி ஈரம் காய்ந்ததும் வெட்டினார்கள். அவள் வெட்ட, அவர் அடி இலைகளை உருவி வாளியில் நிறுத்தினார். பதினாறு செடி போனதில் கணக்கு இடித்தது. இருநூற்று அறுபத்து நாலுதான் வந்தது. பூக்கடைக்காரிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னாள். பூக்கடைக்காரி, மண்டபத்தின் பின்பக்கத்து மேஜைகளில் வேறு எதையாவது வைத்துச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு பகல் ஒரு ராத்திரி வாளிகள் நடுக்கூடத்தில் நின்றன. மேஜையிலிருந்த ஆப்பிள்களை அவள் மாடிக்குக் கடத்தினாள். பழத்தின் வாடை பட்டால் பூ உதிரும். ஆப்பிள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய மாறுதல் அந்த வீட்டில் இருக்க முடியாது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. வாளிகள் சாயாமல் யாராவது பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு நடுவர்கள் வரும் தெருவிலிருந்து சர்வேயர் ஒன்பதேகாலுக்கு, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு வாளியும் இரண்டு கையில் இரண்டு வாளியுமாகக் கிளம்பிப் போனார்.

மண்டபத்தில் பூக்கடைக்காரியும் டெய்லரக்காவும் கதிர்களை உயரம் பார்த்து ஜாடிகளில் சொருகினார்கள். வாசலில் இரண்டு பெரிய ஜாடி, மேடையில் ஆறு, மேஜைக்கு ஒன்று. அவருக்கு வேலை எதுவும் இல்லை. வாசல் ஜாடி ஒன்றின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முக்கால்வாசிப் பேர் செருப்பைப் பற்றியும் கார் நிறுத்தும் இடத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். சிலர் நின்றார்கள். ஒரு பெரியவர் பூவை அழுத்தி வாயைத் திறக்கவைத்துத் தன் மனைவிக்குக் காட்டினார். மனைவி தானும் ஒன்றை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் ஒரு குடும்பம் போட்டோ எடுக்க வந்தது. கேமரா வைத்திருந்தவர் கொஞ்சம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, கடைசியில் சொன்னார்:

"சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? பூவ மறைக்கிறீங்க."

சர்வேயர் தள்ளிக்கொண்டார். போதுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றார்கள். தூண்வரை போய்விட்டார். கிளம்பலாமா என்று டெய்லரக்கா மூன்று தடவை வந்து கேட்டாள். மூன்று தடவையும் இன்னும் பத்து நிமிஷம் என்றார்.

வீடு வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. போட்டியாளர் எண் எழுதின பலகையை எடுக்க மறந்திருந்தார். வெறும் மண்ணில் ஏழு என்று நின்றுகொண்டிருந்தது. நடுவர்கள் மூன்று பேர் வந்ததாகவும், விதிப்படி எண் இருந்தால் மதிப்பெண் போட்டாக வேண்டும் என்பதால் போட்டுவிட்டுப் போனதாகவும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தகவல் கிடைத்தது. பூவுக்கு மதிப்பெண் இல்லை. வரப்பு நேராக இருந்ததற்கும், களை இல்லாததற்கும், மண் சமமாக இருந்ததற்கும் முழு மதிப்பெண். பதினொரு தோட்டத்தில் அவருக்கு ஒன்பதாம் இடம்.

"அப்ப பத்தாவதும் பதினொண்ணாவதும் யாரு?" என்றார் சர்வேயர்.

அதை மட்டும் விசாரிக்க வேண்டாம் என்று டெய்லரக்கா கேட்டுக்கொண்டாள்.

தலைமையாசிரியருக்கு முதல் பரிசு. நடுவர்களில் ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருவருக்கு மூக்குக் கண்ணாடி வீட்டில், மூன்றாமவர் தலைமையாசிரியரிடம் படித்தவர். யாரும் குனியவில்லை.

திங்கட்கிழமை காலையில் டெய்லரக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசல் கேட்டுக்கு வெளியே தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் சுவருக்கு மேலே பேசுகிறவர், தெருவைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கையில் சாக்கு. உள்ளே வாங்க என்றாள். வரவில்லை. சர்வேயரைக் கூப்பிட்டாள்.

"முப்பத்தாறு வருஷம் காப்பியடிச்ச பசங்கள வகுப்புக்கு வெளிய நிக்க வச்சிருக்கேன்" என்றார் தலைமையாசிரியர். "எவ்வளவு நேரம் நிக்கணும்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப வந்தீங்க?"

"ஏழரைக்கு."

"இப்ப எட்டு. ஒரு பீரியட் ஆகல."

தலைமையாசிரியர் இன்னும் கொஞ்சநேரம் நின்றார். டெய்லரக்கா குழாயை மூடிவிட்டு, இரண்டு பேரும் நின்றது போதும், வெயில் ஏறினால் காய்ந்து தூள் பறக்கும், முதலில் பிடுங்குங்கள் என்றாள். மூன்று பேருமாகப் பிடுங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசி வரிசையில் தலைமையாசிரியருக்குக் கை ஓடவில்லை. அந்த வரிசையை அவள் பிடுங்கினாள். ஆறு சாக்கு கட்டி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த மண்ணில் மூன்று வருஷத்துக்கு இந்தச் செடி போடக்கூடாது என்று அவள் சொன்னதை ஓய்வுபெற்றவர்கள் இருவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

தெற்குப் பாதியில் அதற்கப்புறமும் ஒரு வரிசையில் துரு வந்தது. அதைத் தியாகம் செய்தாள். மற்றவை அடியிலிருந்து கிளைத்து நாலாவது வாரம் மொட்டுக் கட்டின. இரண்டாம் வெட்டில் தண்டு கொஞ்சம் குட்டைதான். ஆனாலும் பூக்கடைக்காரி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டாள்.

கடைசி வெட்டுக்கு முன்னால் அவர் ஒரு விஷயம் கேட்டார். ஓரத்தில் ஒரே ஒரு கதிரை, உச்சி வரைக்கும் மலர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, வெட்டாமல் விடலாமா என்று. அவள் கத்தரியை வைத்துக்கொண்டு யோசித்தாள். மூன்று கதிரை விட்டாள். ஒன்பது நாள் ஆனது மேல்மொட்டு வரை திறக்க. அதற்குள் அடிப்பூக்கள் உதிர்ந்துவிட்டன.

"இதுக்குத்தான் வெட்டுறது" என்றாள்.

"தெரியுது" என்றார் அவர். ஆனாலும் நாற்காலியை அங்கேயே போட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சநேரத்தில் அவளும் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.